கரையாத மாத்திரை

விடியற்காலம் மூன்றேகால் மணி. பதினெட்டுக் கிலோமீட்டர் சாலை. இருமருங்கும் முள்மரம், வீடில்லை, விளக்கில்லை. அந்தச் சாலையில் ஒரு மனிதர் நாள்தோறும் தனியே நடந்தார். வேண்டுதலுக்காக அன்று, விளையாட்டுக்காகவும் அன்று. நாக்கின் கீழே வைத்துக்கொள்ள ஒரு வெள்ளை மாத்திரை... அதற்காக.

இதைச் சொன்னவர் எங்கள் பேருந்துப் பணிமனையின் மூத்த ஓட்டுநர். நடந்தவர் அவருடைய தங்கையின் கணவர். அன்றிரவு அடைமழை, மின்சாரம் போய்விட்டிருந்தது. கடைசி வண்டிகள் வந்தடைந்த பின், ஓய்வறையில் ஆறு பேர் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரையில் மழை. டீசல் நெடி, ஈரச் சட்டைகளின் நெடி.

"பேய்க்கதைன்னா சொல்லுங்கண்ணே. குடும்பக் கதைன்னா நான் தூங்கப் போறேன்," என்றான் எங்களுள் வாயாடியான நடத்துநன்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒக்காரு," என்றார் ஓட்டுநர்.

அவருடைய மச்சான் கண்ணாடி அறுப்பவர். சன்னலுக்கும் கடைவாசலுக்கும் அளவெடுத்து, வைரமுனையால் ஒரே கோடு கிழித்து, மயிரிழை பிசகாமல் உடைத்துத் தருபவர். ஒருநாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சரிந்து அவர் தோள் நரம்பை அறுத்தது. முன்பல் ஒன்றும் பாதி போயிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். சிலகாலம் சென்று மாத்திரையை நிறுத்தினார்கள். வலி நிற்கவில்லை. யாரோ ஒருவன் போதைப் பொடியைக் கொடுத்தான். அதன்பின் வேலை போயிற்று, சைக்கிள் போயிற்று, வீட்டில் பேச்சும் போயிற்று. விட்டுவிடத் துடித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார். பொடிக்குப் பதிலாக நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுக்கும் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டு, காத்திருக்கச் சொன்னார்கள். பதினோரு மாதம் காத்திருந்தார். பிறகு இடம் கிடைத்தது. எண் முப்பத்தாறு.

மருத்துவமனையின் பின்சுவரில் ஒரு சன்னல். காலை ஏழுக்குத் திறக்கும், ஒன்பதுக்கு அடைக்கும். உள்ளே ஒரு நர்ஸ். எல்லாரும் அவளை 'ஜன்னல் அக்கா' என்றே அழைத்தார்கள். மாத்திரையைக் கையில் தரமாட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கின் கீழே தானே வைப்பாள். ஐந்தாறு நிமிடத்தில் அது எச்சிலில் கரைய வேண்டும். "நாக்கைத் தூக்குங்க" என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் ஏட்டில் எழுதுவாள். அந்தச் சன்னல் தாழ்வானது. மேலே தகர மறைப்பு வேறு. உள்ளிருப்பவளுக்கு மூக்கிலிருந்து மார்புவரைதான் தெரியும். முகம் தெரியாது. முப்பது நாற்பது பேரையும் அவள் வாயை வைத்தே அறிவாள்.

"நம்ம ஊர்லேர்ந்து அங்க போற முதல் வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேருது?" என்று ஓட்டுநர் நடத்துநனைக் கேட்டார்.

"ஒம்போது பத்துக்கு."

"ஜன்னல் மூடுறது?"

அவன் விரல்விட்டு எண்ணினான். பத்து நிமிடம். எங்கள் வண்டிதான் அது. எங்கள் கால அட்டவணைதான்.

"மூணு தடவை மனு எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்துக்கு கூட்டம் இல்லைன்னு பதில். கூட்டமாடா அது? ஒருத்தன். ஒருத்தன் நடக்கிறான்."

ஆகவே நடந்தார். வேலை நாளும் ஓய்வு நாளும் ஒன்றாகவே. அந்தச் சன்னலுக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று நாள் வராதவரின் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி பட்டியலின் கடைசி. மறுபடி பதினோரு மாதம்.

ஜன்னல் அக்கா அவருக்கு இன்னொன்றும் தந்திருந்தாள். சிறு பெட்டி, உள்ளே மூக்கில் அடிக்கும் மருந்து. பெட்டியின்மேல் தன் கையாலேயே '36' என்று எழுதியிருந்தாள். "பழைய பழக்கத்துக்குத் தப்பித்தவறிப் போயிட்டீங்கன்னா, பழைய அளவுன்னு நினைக்காதீங்க. உடம்பு அதை மறந்துடுச்சு. மூச்சு நின்னுடும். நின்னா, இதை மூக்குல அடிச்சா மூச்சு திரும்பும். ஆனா ஒண்ணு... உங்களுக்கு நீங்களே அடிச்சுக்க முடியாது. பக்கத்துல ஒருத்தர் வேணும்."

பக்கத்தில் ஒருவர். அதுதான் அவரிடம் இல்லை.

இல்லை என்றுதான் நினைத்திருந்தார்...

நடக்கத் தொடங்கி இருபது நாள் இருக்கும். பன்னிரண்டாம் கிலோமீட்டர்க் கல்லைத் தாண்டியதும் பின்னால், இடப்பக்கமாய், காலடி கேட்டது. பழைய பாடல்களில் கூற்றுவன் ஊர்தி ஏறிக் கயிறு ஏந்தி வருவான். இங்கே வந்தது அறுந்த செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தது. சரக்... சரக்... நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. கூடவே புளித்த காடியின் நெடி. அந்த நெடி அவருக்குத் தெரியும், பொடியின் நெடி.

"அங்கதானா?" என்றது குரல்.

"ஆமா. முப்பத்தாறு."

"நான் பதினேழு."

அவ்வளவுதான். சன்னலுக்குப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் அதிகம் விசாரிப்பதில்லை; அது அங்கே ஒரு மரியாதை. நாள்தோறும் அந்தக் கல்லிலிருந்து இருவர் நடந்தனர். பதினேழு ஒன்றே ஒன்று கேட்பான்: "தண்ணி இருக்கா?" இவர் திரும்பாமலே பாட்டிலைப் பின்னால் நீட்டுவார். குடிக்கும் ஓசை கேட்கும். பிறகு தொண்டை எச்சில் விழுங்க முயலும் ஓசை... உலர்ந்த இரு தோல்கள் ஒட்டிப் பிரிவது போல. க்ளக். பாட்டில் திரும்பிவரும். அது குறைந்ததே இல்லை என்பதைக் கண்ணாடிக்காரர் பிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

ஊர் நெருங்கும்போது காலடி எங்கோ நின்றுவிடும். முன்னே போய்விட்டான் என்று எண்ணிக்கொள்வார்.

"நீங்க அந்தப் பதினேழு மூஞ்சியைப் பார்க்கச் சொல்லலையாண்ணே?" என்றான் நடத்துநன். குரலில் முன்னிருந்த கேலி இல்லை.

"கேட்டேன். 'கூட ஒருத்தர் வர்றதே பெருசு மச்சான், அதுல மூஞ்சி வேற பாக்கணுமா'ன்னார்."

மழைக்காலம் வந்தது. சன்னலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு தரைப்பாலம். அதன்மேல் இடுப்பளவு வெள்ளம். முதல்நாள் அதுவரை நடந்துபோய்த் திரும்பினார். இரண்டாம் நாளும் திரும்பினார். அன்று மாலையே உடம்பு கேட்கத் தொடங்கியது. ஓயாத கொட்டாவி. கண்ணிலும் மூக்கிலும் நீர். மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றன. படுத்தால் கால்கள் தாமே உதைத்தன. இரவு, கொல்லைப்புறச் சந்தில், பழைய சேக்காளி ஒருவன் கையில் ஒரு பொட்டலத்தை வைத்து அழுத்தினான். "வெச்சுக்க. தேவைப்பட்டா பாரு." இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள். மூன்றேகால் மணி. மனைவி சட்டைப் பைக்குள் அந்த மருந்துப் பெட்டியை வைத்தாள். "என்னங்க... இன்னைக்கு எப்படியாவது போயிடுங்க," என்றாள். மறுபை கனத்தது, அதில் இருந்தது அவளுக்குத் தெரியாது.

மழை விட்டு மூடுபனி. கை நீட்டினால் கை தெரியவில்லை. பன்னிரண்டாம் கல்லில் காலடி சேர்ந்துகொண்டது. இன்று பின்னால் அன்று, பக்கத்தில்.

தரைப்பாலத்தை அடையும்போது ஆறரைக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளம் வடிந்து கணுக்கால் நீர்தான் ஓடியது, கடந்துவிடலாம். ஆனால் வயிற்றைப் பிசைந்த வலி அவரை மதகுக் கட்டையில் உட்கார வைத்தது.

"இன்னைக்கு ஜன்னல் திறக்காது," என்றான் பதினேழு.

"யாரு சொன்னா?"

"மூணு நாள் நின்னேன். திறக்கல."

கண்ணாடிக்காரரின் உள்ளே ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு நாள் வராமல் போனது தன் குறை. மூன்றாம் நாள் சன்னலே திறக்காதென்றால் இனி எதற்காக நடப்பது? பெயர் போயிற்று. பதினோரு மாதம் போயிற்று. கை தானாகவே மறுபைக்குள் போனது.

"தனியா போடாதேன்னு சொல்வாங்கல்ல," என்றது பக்கத்துக் குரல். அதில் ஆசை காட்டும் இனிப்பு ஒன்றும் இல்லையாம். களைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் கொடுப்பதுபோல் இருந்ததாம். "நீ தனியா இல்ல. நான் இருக்கேன்."

அவர் மருந்துப் பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். விரல்கள் பட்டன. குளிர்பெட்டிக்குள் கைவிட்டது போல் இருந்தது. "மூச்சு நின்னா இதை மூக்குல அடி," என்றார்.

"பாதிதான் போட்டேன் மச்சான்," என்று பிற்பாடு அழுதாராம். பழைய அளவில் பாதி. உடம்பு அதையும் மறந்திருந்தது.

பனி மெதுவாகக் கீழிறங்கி அவர்மேல் படுத்துக்கொண்டது. இமை மூடுமுன் கடைசியாகக் கண்டது: பதினேழு அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் திறப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கு இதைக் கொடுக்கலையே..." என்றான்.

பிறகு எழுந்தான். காலடி... சரக் சரக் சரக்... விரைந்து விலகிப்போனது. பக்கத்தில் இருப்பதாகச் சொன்னவனும் போய்விட்டான். நீரோசை மட்டும்.

ஓட்டுநர் இங்கே நிறுத்தினார். மெழுகுவத்தி சாய்ந்து வழிந்தது, யாரும் நிமிர்த்தவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் நடந்தது ஜன்னல் அக்கா சொன்னது. என் தங்கச்சிகிட்ட அழுதுகிட்டே சொன்னாங்க."

ஏழு மணி. அவள் வழக்கம்போல் சன்னலைத் திறந்தாள். பனியில் வெளியே வெண்மை தவிர ஒன்றுமில்லை. தகர மறைப்பின் கீழே முதல் வாய் வந்து நின்றது. "நம்பர்?" என்றாள். சன்னல் கட்டையில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. '36'. அவள் எழுத்து. எண் எழுதிய சீட்டை மறந்து இதைக் கொண்டுவந்திருக்கிறார் போலும் என்று நினைத்தாள். மூன்றாம் நாளாயினும் வந்தாரே என்ற மகிழ்ச்சியில், என்றைக்கும் செய்யாத தவறொன்றைச் செய்தாள். முதலில் ஏட்டில் எழுதினாள். 'முப்பத்தாறு. ஏழு மணி. கொடுக்கப்பட்டது.' பிறகே மாத்திரையை நாக்கின் கீழ் வைத்தாள்.

ஆறு நிமிடம். "நாக்கைத் தூக்குங்க."

டார்ச் அடித்தாள். மாத்திரை வைத்தபடியே இருந்தது. விளிம்புகூட மழுங்கவில்லை, அதன்மேல் பதித்த கோடுகூட அழியவில்லை. அந்த வாயில் ஈரமே இல்லை. நாக்கு ஓடுபோல் கிடந்தது. உள்ளிருந்து மூச்சும் வரவில்லை. காடி நெடி மட்டும் வந்தது. முன்பற்கள் இரண்டும் முழுதாய் இருந்தன. முப்பத்தாறுக்கு ஒன்று பாதியல்லவா?

பக்கக் கதவைத் திறந்து வெளியே ஓடினாள். எவரும் இல்லை. சன்னல் கட்டையில் அந்த மாத்திரை, உலர்ந்து, வெள்ளையாய்க் கிடந்தது. பக்கத்தில் பிரிக்காத பெட்டி.

அவளுக்கு அச்சம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. இந்தப் பெட்டி இங்கே இருக்கிறது... அப்படியானால் அந்த மனிதர் இது இல்லாமல் எங்கே இருக்கிறார்?

"வண்டியை எடுய்யா!" என்று, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, காவலாளியை உலுக்கினாள். "எங்கம்மா?" "அவரு வர்ற ரோட்ல போ! கேள்வி கேக்காத!"

தரைப்பாலத்து மதகில் கண்டார்கள். உதடு நீலம். எண்ணி நிமிடத்துக்கு இரண்டு மூச்சு. ஒரு மூக்குத் துளையில் அடித்தாள். தலையைப் பின்சாய்த்து வாயில் வாய் வைத்து ஊதினாள். ஒன்றுமில்லை. மறு துளையில் அடித்தாள். நீருக்குள்ளிருந்து வெளிவருபவர் போல் இழுத்து மூச்செடுத்து, கண்ணாடிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எழுந்ததும் அவர் கேட்டது, "அவன் எங்கே?"

"பாவி மனுஷா, எவன்?"

"பதினேழு."

அவள் கையிலிருந்த மருந்துக் குழல் கீழே விழுந்ததாம்.

மாலைவரை அவரை மருத்துவமனையில் படுக்க வைத்துக் கவனித்தார்கள். மறுநாள் மருத்துவர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். பெயரை அடிக்கவில்லை. ஏட்டில் மூன்றாம் நாளுக்கு நேரே அவள் கையெழுத்தில் இருக்கிறதே, கொடுக்கப்பட்டது என்று. அதை அவள் திருத்தவில்லை.

பதினேழு யார் என்பதைப் பல நாள் கழித்தே சொன்னாள். போன ஆண்டு ஒருமுறை மருந்து வந்துசேரவில்லை. மூன்று நாள் சன்னல் திறக்கவில்லை. மற்றவர்கள் எங்கோ கடன்பட்டு, எங்கோ கெஞ்சி, எப்படியோ தாங்கினார்கள். ஒருவன் மட்டும் வேறெங்கும் போகத் தெரியாமல், மூன்று நாளும் பூட்டிய சன்னலின் முன் நின்றான். நான்காம் நாள் மேலிடத்துக் கணினி அவன் பெயரை நீக்கியிருந்தது. மூன்று நாள் மாத்திரை பெறவில்லை. விதி அவ்வளவுதான் பார்க்கும். அவள் கணினியிலேயே மன்றாடி எழுதினாள். பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்றே பதில் வந்தது. சேர்த்தாள். ஐந்தாம் நாள் அவன் உடலைத் தரைப்பாலத்தில் கண்டார்கள், பக்கத்தில் பிரித்த பொடிப் பொட்டலம். அதன்பிறகுதான் எல்லாருக்கும் அந்த மருந்துப் பெட்டியைக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

"உங்க மச்சான் இப்பவும் நடக்கிறாராண்ணே?" என்று கேட்டேன் நான்.

"நடக்கிறாரு. கொஞ்ச நாளா, அந்தப் பன்னெண்டாம் கல்லு தாண்டினா காலடி இல்லையாம். ஒண்ணுமே இல்லையாம். 'பேய் கூட வந்தப்போ பயமில்ல மச்சான், இப்பத்தான் பயமா இருக்கு'ங்கிறாரு."

"ஏன் நின்னுபோச்சு?"

ஓட்டுநர் மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

செத்தவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க மேலிடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பதினோரு மாதம் நிறைந்தது. போன மாதம் அவன் முறை வந்தது. புதிதாக இடம் பெற்றவரின் பெயரைச் சன்னலில் மும்முறை கூப்பிட வேண்டும். வராவிட்டால் அடுத்த பெயர். அவள் கூப்பிடாமலே தாண்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் ஏழு மணிக்குச் சன்னலைத் திறந்து, பனியை நோக்கி, அவன் பெயரைச் சொன்னாள். ஒருமுறை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

தகர மறைப்பின் கீழே ஒரு வாய் வந்து திறந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அங்கே யாரும் தெரியவில்லை.

அவள் மாத்திரையை வைத்தாள். அன்று முதல் நாள்தோறும் முதல் மாத்திரை அங்கேதான் வைக்கிறாள். ஆறு நிமிடம் நிற்கிறாள். டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அது வைத்தபடியே, உலர்ந்தே இருக்கும். எடுத்துத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு அடுத்தவரை அழைப்பாள்.

"நேத்து என் தங்கச்சி அங்க போயிருந்தா," என்றார் ஓட்டுநர். "அக்கா அவளை உள்ள கூப்பிட்டு, கையைப் புடிச்சு, ஒரு தாளைப் பிரிச்சுக் காட்டுனாங்களாம். காலையில அவன் வாயிலேர்ந்து எடுத்த மாத்திரை."

மழை சட்டென்று நின்றது போலிருந்தது.

"அதோட ஓரம் கொஞ்சம் கரைஞ்சிருந்துச்சாம். இன்னும் ஈரம் காயலையாம்."